கறுப்பனுக்கு என்ன ஆச்சு?

கேள்வி: நாங்கள் இருப்பது டர்பன், சாட்ஸ்வொர்த்தில். எங்கள் பூனை கறுப்பனுக்கு இரண்டு வயது. போன வாரம்கூட மதில் மேல் குரங்கோடு மல்லுக்கு நின்றவன், ஒரு நாள் காலையில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்ப் படுத்துவிட்டான். டாக்டர் ஊசி போட்டார், காய்ச்சல் இல்லை, பார்ப்போம் என்றார். மூன்று நாளாக எதையும் தொடவில்லை. ஆயா கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார். என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டில்தான் விஷம் வைத்துவிட்டார்கள் என்று குதிக்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை. நான் எங்கே தப்புப் பண்ணினேன்?

பதில்: தங்கச்சி, முதல் விஷயத்தை மட்டும் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்கு எழுதிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்: மூன்று நாள் சாப்பிடாத பூனையை வீட்டில் வைத்துக்கொண்டு 'பார்ப்போம்' என்று இருக்கக் கூடாது. நாய் பட்டினி கிடந்தால் தாங்கும். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர ஆரம்பிக்கும், அப்புறம் முதலில் வந்த நோய் ஒரு பக்கம், ஈரல் ஒரு பக்கம் என்று இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கும்.

சரி, என்னவாக இருக்கும்? நான் டாக்டர் இல்லை, ஆனால் நம் கடற்கரைப் பக்கத்துப் பூனைகளுக்கு பிலியரி என்கிற இரத்த நோய் வரும் என்பதை மறக்க முடியாது. நாய்க்கு வருவது வேறு, பூனைக்கு வருவது வேறு கிருமி. இரத்தத்தின் சிவப்பணுக்களைத் தின்றுவிடும். இதில் ஒரு சூது என்னவென்றால் பூனைக்குப் பெரும்பாலும் காய்ச்சல் அடிக்காது, அதனால் தெர்மாமீட்டரைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறோம். இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது அது பாட்டுக்குச் சமாளித்துக்கொண்டு நடமாடும். நோவை ஒளிப்பதில் பூனையை மிஞ்ச ஆளில்லை. முடியாமல் போகும் அன்றைக்குத்தான் நமக்கு 'திடீரென்று' ஆகிறது.

அவன் உதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள், பல்லுக்கு மேலே கறுப்பில்லாத இடத்தில். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தாலோ மஞ்சள் தட்டினாலோ டாக்டரிடம் போய் 'இரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து பிலியரி இருக்கிறதா பார்த்துவிடுங்கள்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதே டாக்டரானாலும் சரி, வேறு டாக்டரானாலும் சரி, கேட்பதில் தப்பே இல்லை. (வெறிநோய் ஊசி போடாத பூனை, வாயில் எச்சில் ஒழுகுகிறது, குணமே மாறியிருக்கிறது என்றால் வாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். நம் க்வாசூலு-நாட்டால் மாகாணத்தில் அந்த நோய் இன்னும் இருக்கிறது.) பிலியரிக்குக் கொடுக்கும் பிரைமாகுயின் மனுஷருக்கு மலேரியாவுக்குத் தரும் மருந்துதான், ஆனால் பூனைக்கு அளவு கொஞ்சம் தப்பினாலும் உயிர் போய்விடும், ஆகவே யார் வீட்டிலோ மிச்சமிருக்கிறது என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். காய்ச்சலுக்கு நாம் போடும் பனாடோவும் (பாராசிட்டமால்) அப்படியே. பாதி மாத்திரைகூடப் பூனைக்கு எமன்.

அடுத்தது பக்கத்து வீடு. தெருவில் எலிக்கென்று விற்கிற டூ ஸ்டெப் விஷத்தை நினைத்துத்தான் உங்கள் வீட்டுக்காரர் குதிக்கிறார் என்று நினைக்கிறேன். அதைத் தின்ற பிராணி சும்மா சுருண்டு படுக்காது. கொஞ்ச நேரத்திலேயே எச்சில் கொட்டும், வாந்தி, பேதி, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். உங்கள் கடிதத்தில் இதில் ஒன்றுமே இல்லை. சுவரை ஒட்டிய வீடு, நாளைக்கு ஆடிக் கூழை எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்குத்தான் போக வேண்டும், ஆதாரமில்லாமல் வாயை விட்டுவிடாதீர்கள். ஆயா மிளகாய் சுற்றட்டும், அதனால் கெடுதல் இல்லை, டாக்டரிடம் போய்வந்த பிறகு சுற்றட்டும்.

நீங்கள் என்ன தப்புப் பண்ணினீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பண்ணியதைச் சொல்கிறேன். என் பழைய பூனை மண்தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியது. மலச்சிக்கல் என்று நானே முடிவுகட்டி ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் ஊற்றிவிட்டு ஒரு பகல் முழுக்கச் சும்மா இருந்தேன். அவனுக்கு மூத்திரம் அடைத்திருந்தது. கடுவன் பூனைக்கு அது ஒரு நாள், இரண்டு நாளில் உயிரை எடுக்கும் விஷயம். ராத்திரி பத்து மணிக்குத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடி, குழாய் போட்டு எடுத்ததால் பிழைத்தான். பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆனாலும் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இனி அவன் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டை லேசாகச் சூடாக்கிக் கொடுங்கள், வாசனை வந்தால்தான் பூனை வாயைத் திறக்கும். டின் மீன் கொடுக்கலாம், ஆனால் தண்ணீரில் போட்டது மட்டும். நம் வீட்டு டின் மீன் சட்னி வேண்டவே வேண்டாம், அதிலிருக்கும் வெங்காயமும் சிவப்பணுவைத்தான் உடைக்கும். தூங்கும்போது நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று ஒரு நிமிஷம் எண்ணி காலண்டரில் குறித்து வையுங்கள், முப்பதுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தால் போன் பண்ணுங்கள். ராத்திரி தூக்கம் வராதபோது இந்த எண்ணிக்கை உங்களுக்கும் ஒரு வேலை.

பணம் கஷ்டமாக இருந்தால் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிராணிகள் நலச் சங்கமான எஸ்பிசிஏ-விலும் கேட்டுப் பாருங்கள். ஈறு என்ன நிறம் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.