கூண்டின் மூலையில் இருக்கும் பூனை

அன்புள்ள ஐயா,

பூனை வளர்க்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். வீட்டில் நான், கணவர், ஏழு வயது மகள். நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்குப் பூட்டினால் மாலை ஐந்தரைக்குத்தான் வீடு திறக்கும். மாடிக் குடியிருப்பு.

போன வாரம் விலங்குக் காப்பகத்துக்குப் போனோம். இரண்டு பூனைகள் மனதில் நின்றன. ஒன்று செம்மஞ்சள் நிற ஆண் குட்டி, இரண்டு மாதம். கூண்டைத் திறந்ததுமே என் மகளின் தோளில் ஏறிவிட்டது. அவளுக்கு அதுதான் வேண்டும். இன்னொன்று மூன்று வயதுப் பெண் பூனை. மூலையில் சுருண்டு கிடந்தது, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்கு அதன்மேல்தான் ஈடுபாடு. "வளர்ந்த பூனை ஒட்டாது, குட்டியாக எடுத்தால்தான் நம் வழிக்கு வரும்" என்கிறார் கணவர். செம்மஞ்சள் பூனைகள் பாசமானவை என்றும் பலர் சொல்கிறார்கள். பூனையின் குணத்தை முன்கூட்டியே கணிக்க முடியுமா? நாங்கள் எதைக் கொண்டுவரலாம்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

கணவர் சொல்வதில் பாதி சரி. பூனை மனிதரோடு ஒட்டுமா என்பது பெரும்பாலும் குட்டிப் பருவத்தில்தான் முடிவாகிறது. ஆனால் நீங்கள் காப்பகத்துக்குள் நுழையும்போதே அந்தப் பருவம் முடிந்துவிட்டிருக்கும். பிறந்த இரண்டாவது வாரத்தில் தொடங்கி ஏழாவது வாரத்தோடு அது போய்விடுகிறது என்பதை ஐலீன் கார்ஷ் 1980களில் செய்த ஆய்வுகள் காட்டின. அந்த வாரங்களில் தினமும் மனிதக் கை பட்டு, பேச்சுக்குரல் கேட்டு வளர்ந்த குட்டி மனிதரைத் தேடி வரும். அது கிடைக்காத குட்டி, பிறகு எவ்வளவு கொஞ்சினாலும் பெரும்பாலும் ஓரடி தள்ளியே நிற்கும். மகள் கேட்கும் குட்டிக்கு இப்போது எட்டு, ஒன்பது வாரம் இருக்கும். அதை வழிக்குக் கொண்டுவரும் வேலையை வேறு யாரோ முடித்துவிட்டார்கள். தோளில் ஏறியதைப் பார்த்தால் நன்றாகவே முடித்திருக்கிறார்கள்.

பிறப்பிலேயே வருவதும் உண்டு. தைரியமாகப் பழகும் ஆண் பூனைக்குப் பிறந்த குட்டிகள், தகப்பனோடு வளராமலேயே அதே தைரியத்தைக் கொண்டிருந்ததை சாண்ட்ரா மெக்கூன் 1995இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தாயையாவது காப்பகத்தில் பார்த்துவிடலாம். தகப்பன் எந்த மதில்மேல் திரிகிறதோ!

செம்மஞ்சள் விஷயத்தை விட்டுவிடுங்கள். அந்த நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் செம்மஞ்சள் பூனைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு ஆண்கள். நிறத்துக்கும் பாசத்துக்கும் உறுதியான தொடர்பு எதுவும் நிரூபிக்கப்படவில்லை. நிறத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியது ஒன்று உண்டென்றால், முழு வெள்ளை உடலும் இரண்டு நீலக் கண்களும் கொண்ட பூனைக்குக் காது கேட்காமல் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதுதான்.

குணத்தைக் கணிப்பது பற்றி. கார்லா லிட்ச்ஃபீல்டும் குழுவினரும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2,802 வீட்டுப் பூனைகளைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2017இல் ஐந்து குணக்கூறுகளைப் பிரித்துக் காட்டினார்கள். பயந்த சுபாவம், துருதுருப்பு, மற்றப் பூனைகளை அதட்டும் ஆதிக்கம், நினைத்த நேரத்தில் நினைத்ததைச் செய்யும் அவசரம், இணக்கம். உங்கள் வீட்டுக்கு இவற்றை வைத்துப் பாருங்கள். வேறு பூனை இல்லை, எனவே ஆதிக்கம் ஒரு பொருட்டே அல்ல. துருதுருப்பு மிகுந்த பூனை ஒன்பது மணி நேரத் தனிமையில் திரைச்சீலையில் ஏறும், அலமாரியைத் திறக்கும். அவசரக்காரப் பூனையும் ஏழு வயதுக் குழந்தையும் ஒரே அறையில் இருந்தால் கீறல் நிச்சயம். நீங்கள் தேட வேண்டியது நடுத்தரமான துருதுருப்பும் நல்ல இணக்கமும். கொஞ்சம் கூச்சம் இருந்தால் பாதகமில்லை.

இவற்றில் பலவற்றை இரண்டு மாதக் குட்டியிடம் பார்க்க முடியாது. மனிதரைக் கண்டு பயமில்லை என்பது தெரியும், அவ்வளவுதான். மீதி எல்லாம் குட்டித்தனம். பூனை முழுதாக முதிர இரண்டு மூன்று வயதாகும். அந்தப் பெண் பூனையின் குணம் ஏற்கனவே உருவாகிவிட்டது. ஆனால் நீங்கள் அன்று பார்த்தது அதன் குணத்தை அல்ல, பயத்தை. வந்த புதிதில் கூண்டின் மூலைக்குப் போகாத பூனைதான் அபூர்வம்.

மூலையில் கிடக்கும் பூனை உண்மையில் தூங்குகிறதா என்று முதலில் பாருங்கள். நிம்மதியாகத் தூங்கும் பூனை பக்கவாட்டில் சாயும், பாதங்களை நீட்டும். பயத்தில் கிடப்பது நான்கு பாதங்களையும் உடலுக்கு அடியில் மடக்கி, எந்த நொடியும் பாயத் தோதாக வைத்திருக்கும். கண் மூடியிருந்தாலும் காதுகள் உங்கள் பக்கம் திரும்பியபடி இருக்கும். சில பூனைகள் மணல் தட்டுக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு 'அழுக்குப் பூனை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒளிய வேறு இடம் இல்லை என்பதுதான் விஷயம்.

அதனால் முதல் வேலை, ஒரு அட்டைப்பெட்டியை அதன் கூண்டில் வைக்கச் சொல்லுங்கள். ஒளிய பெட்டி கிடைத்த காப்பகப் பூனைகள், கிடைக்காதவற்றைவிட விரைவில் பதற்றம் தணிந்ததை உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 2014இல் காட்டியது. நான்கைந்து நாள் கழித்துப் போங்கள். கூண்டுக்கு நேர் எதிரே குனிந்து நிற்காதீர்கள். பக்கவாட்டாகத் தரையில் உட்காருங்கள். பேசாமல் ஐந்து நிமிடம். பிறகு அது உங்களைப் பார்க்கும்போது கண்களை மெதுவாகப் பாதி மூடித் திறங்கள். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் இதைச் சோதித்தார்கள். மெல்ல இமைத்தவருக்குப் பூனைகள் திருப்பி இமைத்தன, அப்படி இமைத்த அந்நியரிடம் நெருங்கவும் செய்தன. அடுத்து ஒரு விரலை மடக்கி, அதன் மூக்கு உயரத்தில், ஒரு சாண் தள்ளி நீட்டுங்கள். முகர்ந்து கன்னத்தைத் தேய்த்தால் கன்னம், தாடை, காதடி ஆகிய இடங்களில் மட்டும் மூன்று விநாடி தடவிக் கையை நிறுத்திவிடுங்கள்.

நிறுத்திய பிறகு நடப்பதுதான் உண்மையான பதில். தலையை முட்டி மறுபடி கேட்கிறதா, அசையாமல் இருக்கிறதா, விலகுகிறதா? முதுகுத் தோல் சட்டென்று சிலிர்த்தாலோ, வால் நுனி வெடுக்கென அடித்தாலோ, காதுகள் பின்னால் திரும்பினாலோ போதும் என்று அர்த்தம். இதைக் கவனிக்காமல் தொடர்ந்து தடவுகிறவர்கள்தான் 'கொஞ்சிக்கொண்டிருக்கும்போதே கடித்துவிட்டது' என்பார்கள். பூனை இதற்குள் மூன்று முறை சொல்லியிருக்கும். வாலடியையும் வயிற்றையும் தொட வேண்டாம். வயிற்றைக் காட்டிப் படுப்பது நம்பிக்கையின் அடையாளம், தடவச் சொல்லும் அழைப்பு அல்ல.

ஊழியர்களிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. இது வீட்டிலிருந்து வந்ததா, தெருவிலிருந்தா? ஆள் இருக்கும்போது சாப்பிடுகிறதா, எல்லோரும் போன பிறகுதானா? முன்பு குழந்தைகளோடு இருந்திருக்கிறதா? யாராவது ஒருவரிடமாவது வருகிறதா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் அது கூச்சப் பூனை, வீட்டுக்கு வந்தால் தேறும். மூன்று வாரமாகியும் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை, இருட்டிய பிறகுதான் உணவைத் தொடுகிறது என்றால், குட்டிப் பருவத்தில் மனிதரையே அறியாத பூனையாக இருக்கலாம். அதற்கு உங்கள் மாடி வீடு தண்டனை. எவ்வளவு இரக்கம் வந்தாலும் எடுக்காதீர்கள்.

கூச்சப் பூனைதான் என்று தெரிந்தால், என் கருத்து அதையே எடுங்கள் என்பது. வளர்ந்த பூனை பகலில் பெரும்பகுதி தூங்கும். நீங்கள் வீட்டில் இல்லாத நேரமும் அதன் தூக்க நேரமும் ஒத்துப்போகும். இரண்டு மாதக் குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளை உணவு வேண்டும். நூல், ரப்பர் பேண்ட், மின்கம்பி எல்லாவற்றையும் வாயில் வைக்கும். கடித்து விளையாட உடன்பிறப்பு இல்லாததால் உங்கள் கைகளில் பழகும், ஆறு மாதத்தில் அது வலிக்கத் தொடங்கும். எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரிந்த பூனைகளிடம் மூர்க்கம் அதிகம் என்று 5,700க்கும் மேற்பட்ட பூனைகளின் விவரங்களைக் கொண்டு ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் எழுதினார்கள். 14 வாரம் வரை தாயோடு விடுவதே நல்லது என்பது அவர்கள் பரிந்துரை. மகள் பிடிவாதமாக இருந்து குட்டிதான் என்று முடிவானால், இன்னும் நான்கைந்து வாரம் தாயோடு விட்டு, உடன்பிறந்த ஒன்றையும் சேர்த்து இரண்டாக எடுங்கள். இரண்டு குட்டிகளுக்கான வேலை ஒன்றைவிடக் குறைவு.

கொண்டுவரும் நாளில் வீடு முழுவதையும் திறந்துவிடாதீர்கள். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே ஒரு அறை. ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர் மூலையில் உணவும் தண்ணீரும், ஒளிய ஒரு பெட்டி, வந்த கூடையும் திறந்தபடி அங்கேயே. தட்டின் நீளம், மூக்கிலிருந்து வாலடி வரை பூனையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். மணல் நான்கைந்து செ.மீ. ஆழம், வாசனை சேர்க்காதது, முதல் மாதம் காப்பகத்தில் பயன்படுத்திய அதே வகை. நாளுக்கு இரண்டு முறை அள்ள வேண்டும். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு என்பது கணக்கு. வாசனை மணலும், மூடி போட்ட தட்டும், சலவை எந்திரத்துக்குப் பக்கத்தில் வைப்பதும் நமக்கு வசதி, பூனைக்குத் தொல்லை. தட்டுக்கு வெளியே போனால் பழிவாங்குகிறது என்று நினைக்க வேண்டாம், தட்டு பிடிக்கவில்லை அல்லது உடம்பு சரியில்லை. அடிக்கடி போய் முக்கியும் சிறுநீர் வராவிட்டால், குறிப்பாக ஆண் பூனைக்கு, அடுத்த நாள்வரை காத்திருக்காதீர்கள். அடைப்பு ஓரிரு நாளில் கொன்றுவிடும்.

முதல் நாள் சாப்பிடாமல் இருக்கலாம். 24 மணி நேரம் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள், 48 மணி நேரம் விடவே கூடாது. பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, உடல் கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கிவிடும். குட்டிக்கு அரை நாளே அதிகம்.

பெட்டியிலிருந்து வெளியே இழுக்கவே கூடாது. காப்பகத்தார் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். பயம் தணிய, வீட்டின் ஒழுங்கு பிடிபட, தன் வீடு என்று ஆக. கூச்சப் பூனைக்கு இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். மகளுக்கு நல்ல வேலை ஒன்று உண்டு. தினமும் 15 நிமிடம் அந்த அறைத் தரையில் உட்கார்ந்து தன் பாடப்புத்தகத்தை மெதுவாகச் சத்தம்போட்டு வாசிக்கட்டும். பூனையைப் பார்க்கவும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு அது நடந்து வரும் நாளில் கன்னத்தைத் தொடலாம். தூக்குவது பெரியவர்கள் வேலை.

மாலையில் வந்ததும் கோலில் கட்டிய இறகை வைத்துப் பத்து நிமிடம் விளையாட்டு, இடையிடையே பிடிக்க விட்டு. முடிந்ததும் உணவு. துரத்தி, பிடித்து, தின்று, நக்கி, தூங்குவதுதான் அதன் ஒழுங்கு. தூங்கப் போகுமுன் இன்னொரு முறை இப்படிச் செய்தால் விடியற்காலை நான்கு மணிக் கத்தல் குறையும். ஒருநாள் எழுந்து உணவு கொடுத்தீர்களோ, தினமும் எழுந்தாக வேண்டும்.

மாடி வீடு என்பதால் சன்னலுக்கும் பால்கனிக்கும் வலை முதலில், பூனை பிறகு. லில்லிப் பூ வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது, அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். பாரசிட்டமாலும், நாய்களுக்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் உயிரைப் பறிப்பவை. பால் வேண்டாம், பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு வயிற்றைக் கலக்கும். நாய் உணவைத் தொடர்ந்து போட்டால் டாரின் சத்துக் குறைந்து கண்ணும் இதயமும் கெடும்.

முதல் வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்டி, கருத்தடையும் தடுப்பூசியும் ஆனதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பூனை லுகேமியா, எஃப்.ஐ.வி. (பூனையின் நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் வைரஸ்) இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். குட்டி என்றால் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை.

நீங்கள் கேட்காத ஒன்று, ஒவ்வாமை. அதற்குக் காரணமான புரதம் முக்கியமாகப் பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் இருக்கிறது, ரோமத்தில் ஒட்டிப் பரவுகிறது. அதனால் முடி குறைந்த பூனை, ஒவ்வாமை தராத இனம் என்று விற்பவர்கள் பேச்சை நம்ப வேண்டாம். அடுத்த முறை மூவருமாகப் போய், பூனைகள் திரியும் அறையில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். அன்றிரவு யாருக்காவது கண் அரித்தாலோ மூச்சு இழுத்தாலோ, பூனைக்கு முன் மனித மருத்துவரைப் பாருங்கள்.

அன்புடன்.