தரிசில் கோயில்காடு வருமா?

கேள்வி: எங்கள் இரண்டு ஏக்கர் செம்மண் தரிசில் இருந்த சீமைக் கருவேலத்தை ஜே.சி.பி. வைத்து வழித்துவிட்டு, ஐப்பசியில் வீரை, காசான், கருங்காலி என்று 300 கன்றுகள் நட்டோம். எல்லாம் ஊர்க் கோயில்காட்டில் இருப்பவைதான். சித்திரைக்குள் பாதிக்கு மேல் கருகிவிட்டன. சீமைக் கருவேலமோ மறுபடி துளிர்க்கிறது. எங்கே தப்பு?
— வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: கன்றுகளில் தப்பில்லை, எதை முதலில் நடுவது என்ற வரிசையில்தான் தப்பு. வீரையும் காசானும் ஒரு காட்டில் கடைசியாக வந்து சேர்பவை. கோயில்காட்டில் அவற்றின் நாற்றுகள் எங்கே முளைக்கின்றன என்று குனிந்து பாருங்கள்: பெரிய மரத்தின் நிழலில், மக்கிய சருகுக்குள். நீங்கள் நட்டதோ மேல்மண்ணும் வழிக்கப்பட்ட வெட்டவெளியில். சித்திரை வெயிலில் அந்தச் செம்மண்ணில் வெறுங்காலோடு நிற்க முடியாது; இளவேர் எப்படித் தாங்கும்?

முதலில் சீமைக் கருவேலம். தரையோடு வெட்டினால் அடித்தூரில் உறங்கும் மொட்டுகள் கிளம்பிவிடும். ஒரு அடி ஆழம் தோண்டி, தூரை வேர்க்கழுத்தோடு (தண்டும் வேரும் சேரும் இடம்) எடுங்கள். விதை மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும், ஆடு மாடுகளின் சாணத்திலும் வரும். அதனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நாற்றாக இருக்கும்போதே, ஈரத்தில், கையால் பிடுங்க வேண்டும். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு இந்த வேலை ஓயாது. மிச்சம் நிற்கும் மரங்களை ஒரேயடியாக எடுக்காமல் பகுதி பகுதியாக எடுங்கள். அந்தச் சொற்ப நிழலும் உதவும்.

அடுத்து, சரிவுக்குக் குறுக்கே ஒன்றரை அடி உயரத்தில் மண்வரப்பு போடுங்கள். புரட்டாசிக் கடைசியில் வரப்பை ஒட்டிக் கொழிஞ்சி, ஆவாரை, விராலி விதையைத் தூவுங்கள். ஆவாரை விதைக்கு ஓடு கெட்டி. கொதித்து இறக்கிய நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டால்தான் ஒன்றுபோல முளைக்கும். கொழிஞ்சி வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும். ஆவாரை அதைச் செய்யாது, ஆனால் ஆடு அதில் வாய் வைப்பதில்லை. வேலிக்குப் பணம் இல்லாதவர்களுக்கு இது பெரிய விஷயம். இவற்றுக்கிடையே உசில், வெள்வேல், வேம்பு கன்றுகளைப் பத்தடிக்கு ஒன்றாக வையுங்கள்.

வீரை நடும் காலத்தைக் காலண்டர் சொல்லாது. உசிலும் வேம்பும் வளர்ந்த பிறகு அந்த மரத்தடிச் சருகை விலக்கிப் பாருங்கள்: மண்புழு எச்சம் தெரிகிறதா, நீங்கள் விதைக்காத காரை, சூரை போன்ற பழப்புதர்கள் முளைத்திருக்கின்றனவா? கொண்டைக்குருவி பழம் தின்று எச்சமிடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது நடலாம். அதற்குமுன் நட்டால் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்க வேண்டியதுதான். தப்பிப் பிழைத்த கன்றுகளுக்கு இப்போதைக்குத் தென்னங்கீற்றால் மேற்குப் பக்கம் மறைப்புக் கட்டுங்கள்.

கேள்வி: விதையே இல்லாத இடத்திலும் காடு தானாக வருமா?
— வாசகி, திருச்சி

பதில்: வரும், விதை வந்துசேர வழி இருந்தால். இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை 1883-ல் வெடித்து, மிஞ்சிய நிலத்தைச் சாம்பலால் மூடியது. 1884-ல் அங்கே போனவர்களின் கண்ணில் பட்ட ஒரே உயிர் ஒரு குட்டிச் சிலந்தி. நூலைக் காற்றில் விட்டு மிதந்து வந்திருக்கும். 1886-ல் சாம்பல் மேல் வழவழப்பான நீலப்பச்சைப் பாசிப் படலமும், நிறையப் பெரணிகளும் இருந்தன. பெரணியின் வித்துத்தூளும் காற்றில் வருவதுதான். கடற்கரைச் செடிகளின் விதைகள் அலையில் ஒதுங்கின. அத்தி இனங்கள் பறவை, வௌவால் வயிற்றில் வந்தன. ஐம்பது ஆண்டுக்குள் தீவைக் காடு மூடிவிட்டது. அங்கே மழைக்குப் பஞ்சமில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.