பழைய கோலாலம்பூர் ரயில் நிலையம்

கேள்வி: பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் இப்போதும் வண்டி நிற்கிறதா? அங்கிருந்து பத்துமலைக்குப் போகலாமா? (வாசகி, கிள்ளான்)

பதில்: நிற்கிறது, கொமுட்டர் என்னும் புறநகர் ரயில். 1910இல் எழுந்த கட்டடம், வரைந்தவர் ஹப்பேக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். குதிரைலாட வளைவுகளையும் கூரைமேல் நிற்கும் சிறு மண்டபங்களையும் பார்த்துப் பள்ளிவாசல் என்று நினைப்பவர்கள் உண்டு. 2001இல் கே.எல். சென்ட்ரல் என்ற புதிய முதன்மை நிலையம் வந்ததும் தூரப் பயண வண்டிகள் அங்கே போய்விட்டன.

பத்துமலைக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தஞ்சோங் மாலிம் வண்டியும் பத்துமலை வண்டியும் இதே தடத்தில் வருகின்றன. பேங்க் நெகாரா, புத்ரா வரை ஒன்றாகப் போய் அதன்பின் பிரிகின்றன. ஏறுமுன் அறிவிப்புப் பலகையில் கடைசி நிலையத்தின் பெயரைப் பாருங்கள். மாறி ஏறிவிட்டால் புத்ராவிலேயே இறங்கிவிடுங்கள். அதைத் தாண்டி செகாம்புட் போனால் திரும்பித்தான் வரவேண்டும். சரியான வண்டி என்றால் புத்ராவுக்கு அடுத்தது செந்தூல். பத்துமலை கடைசி நிலையம், முருகன் கோயில் பக்கத்திலேயே.

எல்.ஆர்.டி. என்னும் நகர ரயிலில் வருகிறவர்கள் பசார் செனியில் இறங்கி, ஆற்றைக் கடக்கும் நடைபாலம் வழியாக வரலாம். கொமுட்டருக்குக் கட்டணம் தனி; டச் அண்ட் கோ கட்டண அட்டையை மறுபடி தட்ட வேண்டும்.