இனவெறி வரும் பழைய நாவல்களைப் பள்ளிகள் தடை செய்ய வேண்டுமா?

அமெரிக்கப் பள்ளிகளை வைத்துத்தான் இந்தக் கேள்வி அதிகம் எழுகிறது. அடிக்கடி பஞ்சாயத்துக்கு வருபவை மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்', ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. நூலகத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பது என் பதில். வகுப்பில் நடத்துவது வேறு விஷயம். அதற்கு நேரமும் தயாரான ஆசிரியரும் இல்லையென்றால் நடத்தாமல் விடுவதே மேல்.

செய்தியில் 'தடை' என்று வருவது பல நேரம் தடையே அல்ல. 2018இல் மினசோட்டாவின் டுலூத் பள்ளி மாவட்டம் இரண்டு நாவல்களையும் கட்டாய வாசிப்பிலிருந்து எடுத்தது. நூலக அலமாரியில் அவை அப்படியே இருந்தன. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி நூலகத்திலிருந்து புத்தகத்தை அகற்றுவதற்கு எதிராக 1982ஆம் ஆண்டு பிகோ வழக்கு இருக்கிறது. ஆனால் அதில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளிடையே முழுப் பெரும்பான்மைக் கருத்து உருவாகவில்லை என்பதால் இழுபறி ஓயவில்லை.

நான் அதைவிட முக்கியமாக நினைப்பது 1998ஆம் ஆண்டு டெம்பி வழக்கு. அரிசோனாவில் கறுப்பின மாணவி ஒருவரின் தாய் தொடுத்தது. 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலைப் பாடத்திலிருந்து நீக்க உத்தரவிட மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. ஆனால், சக மாணவர்கள் இனவசையால் துன்புறுத்துவது தெரிந்தும் பள்ளி கையைக் கட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பள்ளி பதில் சொல்லியாக வேண்டும் என்றது. புத்தகம் வேறு, வராந்தாவில் நடப்பது வேறு என்று தப்பிக்க முடியாது.

'ஹக்கிள்பெரி ஃபின்'னில், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும், ஆங்கிலத்தில் 'N' எழுத்தில் தொடங்கும் வசைச்சொல் 200 தடவைக்கு மேல் வருகிறது. (1885இல் கான்கார்ட் நூலகம் இந்த நாவலை ஒதுக்கியது கொச்சைத்தனத்துக்காக, இனவசை அன்று அவர்களை உறுத்தவில்லை!) 2011இல் ஒரு பதிப்பு அதற்குப் பதிலாக 'அடிமை' என்று போட்டது. அது சரிப்படாது. ஆறாம் அத்தியாயத்தில், கதையைச் சொல்லும் சிறுவன் ஹக்கின் அப்பன் அந்தச் சொல்லால் திட்டுவது ஒஹாயோவிலிருந்து வந்த சுதந்திரமான கறுப்பினப் பேராசிரியரை. அவர் யாருக்கும் அடிமை இல்லையே.

32ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். படகில் வெடிவிபத்து என்று ஹக் கதை விடுகிறான். யாருக்காவது அடிபட்டதா என்று சாலி அத்தை பதறுகிறாள். இல்லை, ஒரு கறுப்பன் செத்தான் என்று, அந்த வசைச்சொல்லைச் சொல்லியே பதில் தருகிறான். நல்லவேளை, சில சமயம் ஆட்களுக்கு அடிபட்டுவிடும் என்கிறாள் அவள். ட்வைன் குத்துவது, செத்தவனை ஆளாகவே கணக்கில் எடுக்காத இந்த நல்ல பெண்மணியைத்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளை இதை வெறும் நகைச்சுவையாகத் தாண்டிப் போய்விடும். பதினோராம் வகுப்பில், அதுவும் அந்த நான்கு வரியில் பத்து நிமிடம் நின்றால்தான் பிடிபடும்.

நடத்துவதென்றால் 43 அத்தியாயங்களுக்கு ஐந்து வாரமாவது ஒதுக்குங்கள். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வதில்லை என்று முதல் நாளே முடிவெடுங்கள்; ஆசிரியருக்கும் அதே விதி. அது வரும் பகுதிகளை மனசுக்குள் படிக்கட்டும். வகுப்பில் இருக்கும் ஒரே கறுப்பின மாணவரிடம் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திரும்பவே கூடாது. நாவலில் ஹக்கோடு தப்பிப் போகும் அடிமை ஜிம்மின் குரல் மட்டும் போதாது. அடிமையாக இருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றிலிருந்து இரண்டு அத்தியாயம் முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். வேண்டாம் என்பவருக்கு மாற்றுப் புத்தகம் கொடுத்து நூலகத்தில் தனியாக உட்கார வைத்தால் அது தண்டனையாகிவிடும். வகுப்பையே இரண்டு குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு நூலை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம்.

நேரம் போதாமல் பல வகுப்புகள் ஓட்டிவிடுவது கடைசிப் பத்துப் பன்னிரண்டு அத்தியாயங்களை. ஜிம்முக்கு ஏற்கெனவே விடுதலை கிடைத்துவிட்டது என்று தெரிந்தும், ஹக்கின் நண்பன் டாம் சாயர் தன் விளையாட்டுக்காக அவரைக் கொட்டகையில் அடைத்தே வைத்திருக்கும் பகுதி அது. வேறு எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள். மாணவர்கள் ட்வைனோடு சண்டை போட வேண்டிய இடம் இதுதான்.