கால் நொடியின் விலை: கல்லூரி குவார்ட்டர்பேக்குகள் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி வரும் கடிதங்களில் பாதி, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளைப் பற்றி "யாருடைய கை வலுவானது?" என்ற ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: 2018 கம்பைனில் (என்.எஃப்.எல் என்ற தொழில்முறை லீக் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சோதிக்கும் முகாம்) வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஜாஷ் ஆலன் மணிக்கு 62 மைல் வேகத்தில் வீசினார். லூயிவில்லின் லமார் ஜாக்சன் 49 மைல்தான். ஆலனின் கை கால் பங்குக்கு மேல் வலுவானது என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஆலனின் கை வலுவானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "கால் பங்கு" என்ற கணக்கு நிற்காது. கம்பைன் நடப்பது இண்டியானாபோலிஸில், கூரை மூடிய அரங்கில். எதிரே பாய்ந்து வரும் ஆள் கிடையாது. பந்து பிடிக்கும் ரிசீவர்களோ முன்பின் பழகாதவர்கள். ரேடார் காட்டுவது பந்து கையை விட்டுக் கிளம்பும் வேகம். பழக்கமில்லாத ரிசீவர் பந்தைத் தவறவிட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று பலர் வேகத்தைக் குறைத்தே வீசுவார்கள். அதனால் அங்கே 62 பொய் சொல்லாது, 49 சொல்லக்கூடும். தற்செயலாக யாரும் 62 எறிந்துவிட முடியாது. 49 எறிந்தவருக்கு அதுதான் உச்சம் என்று சொல்லவும் முடியாது.

ஜாக்சன் 2016இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர், பிறகு என்.எஃப்.எல்லில் 2019, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். 2014 கம்பைனில் 60 மைல் காட்டிய வர்ஜீனியா டெக்கின் லோகன் தாமஸ், டைட் எண்டாக மாறி மற்றவர்கள் வீசும் பந்தைப் பிடிக்கப் போய்விட்டார்.

கேள்வி: வர்ணனையாளர்கள் "எதிர்ப்பக்க ஹேஷிலிருந்து அவுட் பாஸ்" என்றாலே ஏன் அப்படி வியக்கிறார்கள்? வெறும் 15 யார்டு பாஸ்தானே?

நேராக ஓடிச் சைட்லைன் (மைதானத்தின் பக்க எல்லைக் கோடு) நோக்கித் திரும்பும் ரிசீவருக்கு வீசுவதுதான் அவுட் பாஸ். 15 யார்டு என்பது ஸ்கோர்போர்டுக்கான கணக்கு. கைக்கான கணக்கு வேறு.

மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரி ஆட்டத்தில் ஒவ்வொரு ஹேஷ் கோடும் (ஆட்டம் தொடங்கப் பந்தை வைக்கும் நடுப்பகுதியின் ஓரக்கோடு) தன் பக்க சைட்லைனிலிருந்து 60 அடி தள்ளி இருக்கிறது. பந்து இடது ஹேஷில் வைக்கப்பட்டால் வலது சைட்லைனுக்கு 100 அடி, அதாவது 33 யார்டுக்குச் சற்று அதிகம். ரிசீவர் சைட்லைனுக்கு 3 யார்டு உள்ளே பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்காக 30 யார்டு ஆயிற்று. குவார்ட்டர்பேக் ஸ்னாப் கோட்டுக்கு (பந்தைப் பின்னால் தந்து ஆட்டத்தைத் தொடங்கும் கோடு) 7 யார்டு பின்னால் நின்று வீசுகிறார். ஆக நேராக 22 யார்டு. இரண்டையும் சேர்த்துச் சாய்கோட்டில் பார்த்தால் பந்து காற்றில் போகும் தூரம் சுமார் 37 யார்டு. அதே பாஸைப் பக்கத்து சைட்லைனுக்கு வீசினால் 28 யார்டுதான். என்.எஃப்.எல்லில் ஹேஷ் கோடுகள் மைதானத்தின் நடுவை ஒட்டி இருப்பதால், அங்கே தூரப் பக்கத்துக்கே 35 யார்டுக்குள் முடிந்துவிடும். இந்த ஒரு பாஸில் மட்டும் கல்லூரிப் பையனுக்குத்தான் வேலை அதிகம்.

இப்போது வேகத்தைப் போட்டுப் பாருங்கள். காற்றின் தடையை விட்டுவிட்டால், 37 யார்டைக் கடக்க 60 மைல் பந்துக்கு ஏறக்குறைய 1.26 நொடி, 50 மைல் பந்துக்கு 1.51 நொடி. வித்தியாசம் கால் நொடி. பந்தைப் பார்த்துத் திரும்பி ஓட்டம் பிடித்த கார்னர்பேக் (ரிசீவரைக் காவல் காக்கும் எதிரணி ஆள்) அந்தக் கால் நொடியில் ஒன்றரை முதல் இரண்டு யார்டு நெருங்கிவிடுவார். ரிசீவர் கையில் முடிய வேண்டிய பந்து அவர் கையில் முடியும். அவருக்கு முன்னால் ஆளில்லாத மைதானம் வேறு. இந்த பாஸில் நடக்கும் இன்டர்செப்ஷன் (எதிரணி பந்தைப் பறிப்பது) பல நேரம் நேராக டச்டவுனில் (கடைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) போய் முடிவதற்குக் காரணம் அதுதான்.

மைதானத்தின் நடுவை நோக்கிச் சாய்வாக ஓடும் ரிசீவருக்கு வீசும் 8 யார்டு ஸ்லாண்ட் பாஸில் இதே பத்து மைல் வித்தியாசம் 0.05 நொடிதான். அங்கே கை வலுவைப் பற்றிப் பேசுவதே வீண்.

கை வலு வாங்கித் தருவது நேரம். அதே கால் நொடியை இன்னொரு வழியிலும் வாங்கலாம்: ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தைக் கையை விட்டு அனுப்பிவிடுவது. ஒருவரை மதிப்பிடும்போது பந்து எவ்வளவு வேகம் என்பதோடு, அது கிளம்பிய நொடியில் ரிசீவரின் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முதுகு தெரியும்போதே பந்து கிளம்பியிருந்தால் 50 மைல் கையும் 60 மைல் வேலையைச் செய்யும்.

கேள்வி: டென்னசியின் ஜோ மில்டன், ஹெண்டன் ஹூக்கர் இருவரில் யார் மேல்?

ஒப்பிட இதைவிடத் தோதான ஜோடி கிடைப்பது கஷ்டம். ஒரே அணி, ஒரே பயிற்சியாளர் ஜாஷ் ஹைப்பல், ஒரே ஆட்ட முறை, அடுத்தடுத்த ஆண்டுகள். 2022இல் ஹூக்கர் 329 பாஸ் வீசி 229ஐ முடித்தார் (அதாவது ரிசீவர் கையில் சேர்த்தார்); 27 டச்டவுன், 2 இன்டர்செப்ஷன். 2023இல் மில்டனும் அதே 229ஐத்தான் முடித்தார், ஆனால் 354 வீசி. 20 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன். ஒரு வீச்சுக்குச் சராசரியாக ஹூக்கருக்கு 9.5 யார்டு, மில்டனுக்கு 7.9.

கை வலுவில் மில்டன் அருகே ஹூக்கர் நிற்கவே முடியாது. ஆனால் ஹைப்பலின் முறையில் ரிசீவர்கள் சைட்லைனை ஒட்டி மிக அகலமாக நிற்பார்கள், ஸ்னாப்புகள் அடுத்தடுத்து வேகமாக வரும், டிஃபெண்டர்கள் நிலை எடுப்பதற்குள் ஒருவர் தனியாக விடுபட்டிருப்பார். அவரை முதலில் கண்டுபிடிப்பவருக்குத்தான் அங்கே லாபம். ஹூக்கர் கண்டுபிடித்தார், ஆழமான பந்தை ரிசீவர் ஓட்டத்தைக் குறைக்காமல் பிடிக்கும்படி வளைத்தும் போட்டார். மில்டனின் நீண்ட பாஸ்கள் பல ரிசீவரையே தாண்டிப் போயின.

மில்டன் பக்கமும் நியாயம் உண்டு. 2022இல் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது வாங்கிய ஜேலின் ஹையட் அடுத்த ஆண்டு அணியில் இல்லை. அந்த இழப்பை எடைபோட்ட பிறகும் எங்கள் ஓட்டு ஹூக்கருக்கே.

கேள்வி: டி.வி.யில் பார்த்தே ஒருவரின் வீச்சை அளக்க வழி உண்டா?

உண்டு, ஓரளவுக்கு. ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப்வாட்ச் வேண்டாம்; விரலின் தாமதமே 0.2 நொடி வரை தவறு தரும். பதிவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 0.033 நொடி. பந்து கையை விட்ட ஃபிரேமிலிருந்து ரிசீவர் கையைத் தொட்ட ஃபிரேம் வரை எண்ணுங்கள். ஸ்லோமோஷன் ரீப்ளேயில் எண்ணினால் எல்லாம் பாழ்.

தூரத்துக்கு, மைதானத்தில் 5 யார்டுக்கு ஒரு முழுக்கோடும், நடுவில் யார்டுக்கு ஒரு சிறு கோடும் இருக்கின்றன. வீசியவரின் பாதம் இருக்கும் இடத்திலிருந்து கணக்கெடுங்கள், ஸ்னாப் கோட்டிலிருந்து அல்ல. குறுக்குத் தூரத்தை முன்பு சொன்ன ஹேஷ் கணக்கில் சேர்க்க வேண்டும். யார்டை நொடியால் வகுத்து 2.045ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல் என்று வந்துவிடும். 40 யார்டு, 1.9 நொடி என்றால் 43 மைல். இது வழி முழுவதுக்குமான சராசரி. காற்று வேகத்தைத் தின்றுவிடுவதால் கிளம்பிய வேகம் இதைவிட அதிகமாகவே இருக்கும். கம்பைன் எண்ணோடு இதை ஒப்பிடாதீர்கள்.

தாழ்வாக, நேர்கோட்டில் போன பாஸ்களை மட்டும் எடுங்கள். உயரமாக வளைந்த பந்து நீண்ட நேரம் காற்றில் நிற்பது வீசியவர் விரும்பிச் செய்தது. குறைந்தது 30 யார்டு போன பாஸாக இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் ஓரிரண்டு ஃபிரேம் தவறே முடிவைப் புரட்டிவிடும்.

இன்னொன்று: "60 யார்டு டச்டவுன் பாஸ்" என்ற தலைப்பை நம்ப வேண்டாம். 10 யார்டு காற்றில், 50 யார்டு ரிசீவர் காலில் என்பது கல்லூரி ஆட்டத்தில் அன்றாட நிகழ்ச்சி.

கேள்வி: முட்டி போட்டுக்கொண்டே கோல்போஸ்டுக்கு நடுவே பந்தை வீசினாராமே கைல் போலர்? அது பெரிய விஷயம் இல்லையா?

வேடிக்கை பார்க்கப் பெரிய விஷயம்தான். 2003 டிராஃப்டில் (என்.எஃப்.எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றிலேயே பால்டிமோர் ரேவன்ஸ் அவரை எடுத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டும் சேர்த்து அவர் வீசியதில் பாதிகூட ரிசீவர் கையில் முடியவில்லை. அவற்றை அவர் முட்டி போட்டு வீசவில்லை.

கேள்வி: வலுவான கை இருந்தும் சிலருடைய பந்து ரிசீவரின் தலைக்கு மேலே போய்விடுகிறது. ஏன்?

கோளாறு பெரும்பாலும் காலில் இருக்கும். அதிகம் பார்ப்பது, முன்காலை மிக நீளமாக எட்டி வைப்பது. உடல் பின்னால் தங்கிவிடுகிறது, தோள் மேல்நோக்கிச் சாய்கிறது, பந்து எழும்பிப் போகிறது. அரை அடி முதல் ஒரு அடிக்குள் அந்தக் காலை எடுத்து வைத்தால் எடை முன்காலுக்கு மேல் வந்துவிடும். இரண்டாவது, முன்பாதம் இலக்குக்குக் குறுக்கே விழுவது. அப்போது இடுப்பு திரும்ப இடமில்லாமல் கை மட்டும் இழுத்து வீசும். வலது கைக்காரருக்கு முன்பாதம் இலக்குக்கு லேசாக இடப்பக்கம் பார்த்து விழ வேண்டும்; இடுப்பு முதலில் திறக்க, தோள் அதற்குப் பின்னால் வர வேண்டும். கை பலம் உள்ளவர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். பின்காலில் நின்று வீசினாலும் பந்து போய்ச் சேர்கிறதே என்ற தைரியம்! பந்து தள்ளாடிப் போனால் மட்டும் முழங்கையைப் பாருங்கள். அது தோளுக்குக் கீழே இறங்கியிருக்கும்.

ஆலனே இதற்கு உதாரணம். வயோமிங்கில் 2017இல் அவர் முடித்தது 56.3 சதவீதம். என்.எஃப்.எல்லின் முதல் ஆண்டில் 52.8. கால் வேலை சீரான பிறகு, 2020இல் 69.2. கை அதே கைதான்.

கேள்வி: 2023இல் வாஷிங்டனின் மைக்கேல் பெனிக்ஸ், ஆரிகனின் போ நிக்ஸ் இருவரில் உங்கள் தேர்வு?

எண்களை மட்டும் வைத்தால் நிக்ஸ்: 470 வீசி 364 முடித்தார், 77.4 சதவீதம், 45 டச்டவுன், 3 இன்டர்செப்ஷன். பெனிக்ஸ் 65.4 சதவீதம், 36 டச்டவுன், 11 இன்டர்செப்ஷன். ஆனால் நிக்ஸ் வீசியதில் ஸ்னாப் கோட்டை ஒட்டிய குறும்பாஸ்கள் ஏராளம். பெனிக்ஸ் இடது கையால் தூரத்துக்கும் சைட்லைன் ஓரத்துக்கும் வீசிக்கொண்டே இருந்தார். 4,903 யார்டுடன் அந்த ஆண்டு நாட்டில் முதலிடம். கடினமான பாஸை அதிகம் வீசுபவருக்குச் சதவீதம் குறையத்தான் செய்யும். இருவரும் நேருக்கு நேர் மோதிய இரண்டு ஆட்டங்களிலும் வாஷிங்டனே வென்றது: 36-33, பிறகு பேக்-12 லீக்கின் இறுதியில் 34-31. கடைசி நிமிடங்களில் தூரப் பக்க சைட்லைனுக்கு ஒரு பாஸ் வேண்டும் என்றால் பெனிக்ஸ். தவறே இல்லாமல் 70 ஸ்னாப் நடத்த வேண்டும் என்றால் நிக்ஸ்.

கேள்வி: கை வலு இல்லாத கெல்லன் மூர் எப்படி அத்தனை ஆட்டம் வென்றார்?

பாய்ஸி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 53 ஆட்டம் தொடங்கி 50 வென்றார். டச்டவுன் 142, இன்டர்செப்ஷன் 28. ஸ்னாப்புக்கு முன்பே டிஃபென்ஸைப் படித்து, பந்தைச் சீக்கிரம் விட்டதே ரகசியம். ஆனால் 2012 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. உயரம் 6 அடிதான் என்பதும் சேர்ந்துகொண்டது. கார்னர்பேக்குகள் இன்னும் வேகமாக இருக்கும் என்.எஃப்.எல்லில், சீக்கிரம் விடுவதால் மிச்சமாகும் நேரம் முழுவதும் செலவாகிவிடும்.

கேள்வி: கல்லூரி ஆட்டத்தின் பாஸ் ரேட்டிங் 200ஐத் தாண்டுகிறதே, எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

யார்டை 8.4ஆலும், டச்டவுனை 330ஆலும், முடிந்த பாஸை 100ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். இன்டர்செப்ஷனை 200ஆல் பெருக்கிக் கழியுங்கள். மொத்தத்தை வீசிய எண்ணிக்கையால் வகுங்கள். 2019இல் லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் (எல்.எஸ்.யூ.) ஜோ பரோ: 5,671 யார்டு, 60 டச்டவுன், 527இல் 402 முடிந்தது, 6 இன்டர்செப்ஷன். விடை 202.0. பாஸ் எவ்வளவு தூரம் காற்றில் போனது என்பது இதில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். குவார்ட்டர்பேக் ஸாக் ஆனாலும் (வீசுவதற்குள் பிடித்து வீழ்த்தப்பட்டாலும்) இந்த எண் குறையாது. கல்லூரிக் கணக்கில் அப்படி இழந்த யார்டுகள் அவருடைய ஓட்டத்திலிருந்து கழிக்கப்படுகின்றன. "மைனஸ் 60 யார்டு ஓடினார்" என்று பார்த்தால் சிரிக்க வேண்டாம்.

கேள்வி: உள்ளங்கை அளவு அவ்வளவு முக்கியமா?

கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை விரித்து அளப்பார்கள். 9 அங்குலத்துக்குக் கீழே போனால் முகம் சுளிப்பார்கள். பரோவுக்குச் சரியாக 9. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கென்னி பிக்கெட்டுக்கு 8.5, இரண்டு கையிலும் கையுறை போட்டே வீசினார், 2022இல் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார். வேகத்தைவிட மழையிலும் குளிரிலும் பந்து நழுவாமல் இருப்பதற்குத்தான் இந்த அளவு உதவும். ஒருவர் எத்தனை முறை பந்தை நழுவவிட்டார் என்ற கணக்கு கையில் இருந்தால், அங்குலத்தை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.