சிங்கப்பூரைக் கையைக் கடிக்காமல் சுற்றுவது: கேளுங்கள், சொல்கிறேன்

லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருக்கிறேன். அதனால் ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், அவர்களுடைய நண்பர்கள், நண்பர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று எல்லாருக்கும் வழி சொல்கிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது. உங்கள் கேள்விகளையும் இங்கேயே கேளுங்கள். விலையெல்லாம் சிங்கப்பூர் வெள்ளிக் கணக்கு.

கேள்வி: அக்கா, நானும் மனைவியும் திருச்சியிலிருந்து ஐந்து நாள் வருகிறோம். டிராவல்ஸ்காரர் கொடுத்த பட்டியலில் யுனிவர்சல், விலங்குத் தோட்டம், நைட் சஃபாரி, பறவைப் பூங்கா, சாண்ட்ஸ் மொட்டை மாடி எல்லாம் இருக்கிறது. டிக்கெட் கணக்கைக் கூட்டினால் விமானக் கட்டணத்தைத் தாண்டிவிடும் போலிருக்கிறது. எதை விடலாம்?

பதில்: ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் விடுங்கள் தம்பி. இந்த ஊரில் காசு பறக்கிற இடம் இரண்டுதான், ஒன்று டிக்கெட் கவுன்டர், இன்னொன்று ஏசி போட்ட உணவகம். உங்கள் இரண்டு பேருக்கும் எது ரொம்பப் பிடிக்குமோ அதற்கு மட்டும் டிக்கெட் எடுங்கள், அதில் ஒரு முழு நாள் இருந்து காசுக்கு வஞ்சனை இல்லாமல் பாருங்கள். மிச்ச நாள்களுக்கு இலவச இடங்களே போதும்.

முதல் நாள் மாலை ‘கார்டன்ஸ் பை தி பே’ என்கிற கரையோரப் பூந்தோட்டங்களுக்குப் போய்விடுங்கள். குவிமாடங்களுக்குத்தான் கட்டணம், வெளித்தோட்டம் இலவசம். இரவு 7.45க்கும் 8.45க்கும் அந்த ராட்சத இரும்பு மரங்களில் ஒளியும் இசையுமாக ஒரு காட்சி நடக்கும். கூச்சப்படாமல் தரையில் மல்லாந்து படுத்துப் பாருங்கள், பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் கிடப்பார்கள். முதல் காட்சி முடிந்ததும் நிதானமாக நடந்து வந்தால் 9 மணிக்கு மரினா பே சாண்ட்ஸ் முன்னால் தண்ணீர்க் காட்சி பிடித்துவிடலாம். அதற்கும் காசு இல்லை. உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஆசையா, டக்ஸ்டன் பக்கம் பினக்கிள் என்று ஒரு வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடி இருக்கிறது, அதன் 50ஆவது மாடிப் பாலத்துக்கு ஆளுக்கு 6 வெள்ளிதான். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்திருப்பதால் காலையிலேயே போவது நல்லது.

ஆனால் நீங்கள் தவறவிடக் கூடாதது என்று நான் சொல்வது சைனாடவுன் நடை. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தொடங்குங்கள். 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வந்த கப்பலில் பினாங்கிலிருந்து வந்திறங்கிய நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய கோயில் அது, இந்த ஊரின் மிகப் பழைய இந்துக் கோயில். வெளியே வந்தால் சில எட்டில் சூலியா பள்ளிவாசல், நம்ம ஊர்த் தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. அதே சாலையில் எதிர்த்திசையில் கொஞ்சம் நடந்தால் புத்தர் பல் கோயில். அங்கிருந்து தெலுக் ஆயர் வீதிக்குப் போனால் தியான் ஹோக் கெங் என்கிற பழைய சீனக் கோயிலும், 1828இலிருந்து 1830க்குள் கட்டிய நாகூர் தர்காவும் ஒரே தெருவில் நிற்கும். நாகூரில் பார்த்த மினாரா சின்னதாகி இங்கே வந்து நிற்கிறதோ என்று தோன்றும். இப்போது சுற்றிலும் வங்கிக் கட்டடங்கள், அப்போது அந்தத் தெருவே கடற்கரை. கப்பலில் வந்து சேர்ந்தவர்கள் கரையேறியதும் அவரவர் சாமிக்கு நன்றி சொல்லக் கட்டிய இடங்கள் இவை. காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம், செலவு ரயில் காசு மட்டும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டைகூட இல்லை. கோயம்புத்தூரிலிருந்து என் தங்கையோடு வருகிறேன். தினமும் லிட்டில் இந்தியாவிலேயே சாப்பிட்டால் காசு அதிகம் ஆகுமா?

பதில்: ஆகாது அம்மா. ஆனால் அலுத்துப் போகும். சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ், ஆனந்த பவன் மாதிரி பழைய கடைகள் இருக்கவே இருக்கின்றன, தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் தோசைக்கடைகளும் உண்டு. வெளியே சாப்பிட நினைத்தால் சீனர்களின் சைவக் கடைகளைத் தேடுங்கள், பெரிய உணவங்காடிகளில் பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும். புத்த மத முறைப்படி சமைக்கிற கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள், ஆனால் சில இடங்களில் முட்டை உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். பூகிஸ் பக்கம் ஃபார்ச்சூன் சென்டர் என்கிற கட்டடத்தில் இப்படிச் சைவக் கடைகள் நிறைய. அதற்குப் பக்கத்திலேயே வாட்டர்லூ வீதியில் கிருஷ்ணன் கோயில், அடுத்தாற்போல் குவான் இம் கோயில். சீனர்கள் அங்கே ஊதுபத்தி வைத்துவிட்டு வந்து கிருஷ்ணன் வாசலிலும் கும்பிட்டுப் போவதைப் பார்க்கலாம்.

ஒரே எச்சரிக்கை: அசைவக் கடையில் போய் ‘இறைச்சி போடாமல் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற இறைச்சியை எடுத்துவிடுவார்கள், சூப்பில் நெத்திலியும் சம்பாலில் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் இருக்கும்.

அங்காடியில் டேபிள் மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் தனியாகக் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம், உட்காராதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021இலிருந்து அது சட்டம், முதல் தடவை எச்சரிப்பார்கள், மறுபடி மாட்டினால் அபராதம். தேத்தண்ணீரில் சீனி குறைவாக வேண்டுமென்றால் ‘சியூ தாய்’ என்றும், சீனியே வேண்டாமென்றால் ‘கோசோங்’ என்றும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாயசம் மாதிரி ஒரு தே வரும்.

கேள்வி: நான் சிங்கப்பூரின் வடகோடியில் இருக்கிற உட்லண்ட்ஸ்வாசி. ஊரிலிருந்து வருகிறவர்களை எல்லாரும் தேக்காவுக்கே அனுப்புகிறீர்கள். குடியிருப்புப் பேட்டைக் கோப்பிக்கடைகளில் இன்னும் மலிவு இல்லையா?

பதில்: மலிவுதான், ஒத்துக்கொள்கிறேன். கோழிச் சோறு நான்கு வெள்ளி சுமாருக்கு அங்கே இன்னும் கிடைக்கிறது. ஆனால் அதற்காக அவர்களைச் சுரங்க ரயிலில் முக்கால் மணி நேரம் உட்கார வைக்க முடியுமா சொல்லுங்கள். தங்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வீவக புளோக்குகள் இருந்தால் கீழே போய்ச் சாப்பிடட்டும். எங்கே சாப்பிட்டாலும் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் உஷாராக இருக்க வேண்டும்: 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி. 20 வெள்ளிச் சாப்பாடு 24ஐத் தொட்டு நிற்கும். அங்காடியிலும் கோப்பிக்கடையிலும் பலகையில் போட்டிருப்பதுதான் விலை. நண்டு, இறாலை எடை போட்டு விற்கிற கடையில் மட்டும் மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

கேள்வி: ரயில், பஸ்ஸுக்குச் சுற்றுலா பாஸ் வாங்கலாமா, நம்ம ஊர் டெபிட் கார்டே போதுமா?

பதில்: தட்டிப் போகிற வசதி உள்ள விசா, மாஸ்டர்கார்டு போதும், ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். வெளிநாட்டு கார்டு என்றால் பயணம் செய்கிற நாளுக்கு 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள், உங்கள் வங்கி எடுப்பது தனி. இரண்டு மூன்று நாளுக்கு மேல் இருந்தால் 10 வெள்ளிக்கு ஈசி-லிங்க் அட்டை வாங்கிவிடுங்கள், அதில் 5 வெள்ளி பயணத்துக்கே இருக்கும். ஒரு நாள் பாஸ் என்பது ஏழெட்டு முறைக்கு மேல் ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் கட்டும். பஸ்ஸில் இறங்கும்போதும் தட்ட மறக்காதீர்கள், மறந்தால் கடைசி நிறுத்தம்வரை போன கணக்கில் எடுத்துக்கொள்ளும். 0.9 மீட்டருக்குக் குறைந்த குழந்தைகள் பெரியவரோடு வந்தால் இலவசம். டாக்சி என்றால் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டரில் பாதி கூடும், அதற்குள் திரும்பிவிடுங்கள். சுற்றுலா பஸ்ஸுக்குப் பதிலாக விமான நிலையத்திலிருந்து ஆர்ச்சர்ட் பக்கம் போகிற 36ஆம் எண் பஸ்ஸில் ஏறுங்கள். மாடி பஸ் வந்தால் மேல்தளத்தில் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லிட்டில் இந்தியாவில் இருக்கிற முஸ்தபா கடையில் என்ன வாங்கலாம்? ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான், நம்ம ஆள்கள் பாதிப் பேர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிற ஒரே கடையில் ஒரே நாளில் 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும், மூன்று ரசீதுவரை கூட்டிக் காட்டலாம். பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிச் சொல்லுங்கள். சாங்கி விமான நிலையத்தில், பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்பே ஜிஎஸ்டி இயந்திரத்துக்குப் போங்கள். வாங்கிய பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டுமே, பெட்டி உள்ளே போய்விட்டால் எதைக் காட்டுவீர்கள்? சேவைக் கட்டணம் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். சாப்பாட்டுக்கும் ஹோட்டல் அறைக்கும் இது கிடையாது.

முஸ்தபாவில் கோடாலித் தைலம், டைகர் பாம், சாக்லேட், வாசனைத் திரவியம் என்று ஊருக்குக் கொடுக்கிற சாமான்களை ஒரே இடத்தில் முடிக்கலாம். சாக்லேட்டை மட்டும் பேரங்காடிகளிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்குங்கள், தள்ளுபடி போட்டிருப்பார்கள். உள்ளே பைகளை பிளாஸ்டிக் வாரால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள், வெளியே வந்து பல்லால் கடித்து இழுக்கிற ஆள்களை வாசலில் தினமும் பார்க்கலாம். ராத்திரி சாப்பிட்ட பிறகு போங்கள், நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். ஞாயிறு மாலை மட்டும் வேண்டாம், அந்த வட்டாரத்திலேயே கால் வைக்க இடம் இருக்காது. மின்சாரப் பொருள் வாங்கினால் பிளக்கைப் பாருங்கள், இங்கே சதுரக் கால் மூன்று பின், நம்ம ஊர் சுவரில் நுழையாது.

கேள்வி: தங்கம்?

பதில்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். செய்கூலி, 9 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஊர் விலையோடு ஒப்பிடுங்கள். பெண்களுக்கு இத்தனை கிராம் வரியில்லாமல் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால், அந்தச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு. ஐந்து நாள் சுற்றுலா வந்தவர்களுக்கு இல்லை.

கேள்வி: சென்னையிலிருந்து மெல்பர்னுக்குப் படிக்கப் போகிறேன், சாங்கியில் ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெளியே வர முடியுமா அக்கா?

பதில்: ஆஸ்திரேலிய விசா கையில் இருப்பதால் 96 மணி நேர விசா இல்லாப் பயணச் சலுகைக்கு நீ விண்ணப்பிக்கலாம் தம்பி, விடுவதா இல்லையா என்பது குடிநுழைவு அதிகாரி கையில். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிடு. அது முழுக்க இலவசம், காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிட்டு வெளியே வா. அந்த 40 மீட்டர் உள்ளரங்க அருவி இருக்கிற ஜுவல் கட்டடம் குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது, அதைப் பார்க்கவும் இதெல்லாம் வேண்டும். நேரம் இருந்தால் எக்ஸ்போவில் மாறி டௌன்டௌன் தடத்தில் ஏறு, லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கலாம். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பாகத் திரும்பிவிடு.

கேள்வி: அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனால் கடற்கரை பார்க்க வேண்டும் என்கிறார். வெற்றிலை பாக்கும் விடமாட்டார்.

பதில்: செந்தோசாவுக்குக் கூட்டிப்போங்கள். ஹார்பர்ஃப்ரன்ட் ரயில் நிலையத்திலிருந்து நடைபாதை வழியாகப் போனால் இலவசம், ஆனால் அவருக்காக ஆளுக்கு 4 வெள்ளி கொடுத்து மோனோரயிலில் போய்விடுங்கள். தீவுக்குள் பஸ்ஸும் கடற்கரை வண்டியும் காசில்லாமல் ஓடுகின்றன. நல்ல குடை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், டிசம்பரில் வந்தால் இரண்டு. வெற்றிலை பாக்கு தேக்காவில் கிடைக்கும். புகையிலை, குட்கா மட்டும் பெட்டியில் ஒரு பொட்டலம்கூட இருக்கக் கூடாது, மெல்லும் புகையிலைக்கு இங்கே தடை. கிளம்புவதற்கு முன் அவருடைய சட்டைப் பையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.