இணையம் இல்லாத வலையமைப்பில், சர்வர் பதில் சொல்லியும் லினக்ஸ் கணினிகள் அதன் நேரத்தை ஏன் ஏற்பதில்லை?

இணைய இணைப்பே இல்லாத ஆலை, ஒரு விண்டோஸ் டொமைன் சர்வர், அதனோடு சில லினக்ஸ் கணினிகள்; பிங் போகிறது, நேரம் கேட்கும் செய்திகள் போய்வரும் யூடிபி 123ஆம் போர்ட் திறந்திருக்கிறது, ஆனாலும் லினக்ஸ் கணினிகள் மட்டும் நேரத்தைச் சரிசெய்துகொள்ள மறுக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் ஃபயர்வாலைப் பாருங்கள் என்று உங்களிடம் பலரும் சொல்லியிருப்பார்கள். சேலம் வட்டாரத்து ஆலைகளுக்குக் கணினிப் பராமரிப்பு செய்து பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஃபயர்வாலை விட்டுவிடுங்கள்.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ ஆலையில் இதே கோளாறு வந்தது. மரவள்ளிக்கிழங்கு லோடு வந்தால் வாசலில் உள்ள கணினி வண்டி எண்ணைப் பதியும், அடுத்து எடைமேடை, அதற்குப் பிறகு பாயிண்ட், அதாவது கிழங்கின் மாவுச்சத்து அளவு, பார்க்கும் அறை. வாசல் பதிவில் 10:14 என்றிருந்த வண்டிக்கு எடைச்சீட்டில் 10:06 என்று அச்சாகியிருந்தது. அதாவது, உள்ளே நுழைவதற்கு முன்பே வண்டி எடை போடப்பட்டிருக்கிறது. கிழங்கு கொண்டுவந்த விவசாயி சீட்டை மேசைமேல் வைத்து, "நேரமே தப்பா இருக்குதே, எடை மட்டும் எப்படிங்க சரியா இருக்கும்?" என்று கேட்டார். மேலாளரிடம் பதில் இல்லை. எடைமேடை மென்பொருளை விற்ற நிறுவனத்தின் பொறியாளரோ, நேரில் வராமல் தொலைபேசியிலேயே ஃபயர்வால்தான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் வசூலிக்க மட்டும் இவர்களுக்கு ஆத்தூர் தூரமாகத் தெரிவதில்லை.

எடைமேடைக் கணினியில், வலையமைப்பு வழியே நேரத்தைக் கேட்டுச் சரிசெய்யும் என்டிபி சேவையின் பட்டியலைத் திறந்தபோது, சர்வரின் பெயருக்கு நேரே ரீச் என்ற பத்தியில் 377 என்று இருந்தது. அது எட்டடிமான எண். கடைசியாகக் கேட்ட எட்டு முறையும் பதில் வந்திருக்கிறது என்பதே அதன் பொருள். பதில் வந்து சேர்ந்துகொண்டிருக்கும்போது ஃபயர்வாலைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட சர்வருக்கு முன்னால் வர வேண்டிய நட்சத்திரக் குறி வரவில்லை. விவரங்களை விரித்துப் பார்த்ததில், ரூட் டிஸ்பெர்ஷன், அதாவது சர்வரின் நேரம் எவ்வளவு பிசகியிருக்கலாம் என்ற ஐய அளவு, 10 விநாடிக்குச் சற்று மேலே நின்றது.

கோளாறு அங்கேதான். மேலே கேட்டறிய வேறு மூலம் இல்லாமல் தன் மதர்போர்டு கடிகாரத்தையே நம்பி ஓடும் விண்டோஸ் சர்வர், "என் நேரம் பத்து விநாடி வரை முன்பின்னாக இருக்கலாம்" என்று தானாகவே அறிவித்துவிடுகிறது. லினக்ஸ் பக்கத்திலுள்ள என்டிபி சேவை இயல்பாக 1.5 விநாடிக்கு மேலான ஐயத்தை ஏற்காது. அதற்குப் பதிலாகக் குரோனி என்ற நேரச் சேவை இருந்தால் 3 விநாடி. முத்திரையில்லாத எடைக்கல்லை வாங்க மறுக்கும் வியாபாரியைப் போல, பதிலைப் பெற்றுக்கொண்டே அதை ஒதுக்கி வைக்கிறது. இரண்டுமே விதிப்படிதான் நடந்துகொள்கின்றன. ஆகவே எந்தப் பக்கத்திலும் பிழைச்செய்தி எதுவும் கண்ணில் படாது.

சர்வரின் ரெஜிஸ்ட்ரியில் டபிள்யூ32டைம் (விண்டோஸ் டைம்) சேவைக்குரிய கான்ஃபிக் பகுதிக்குச் சென்று, லோக்கல் கிளாக் டிஸ்பெர்ஷன் என்ற மதிப்பை 10இலிருந்து 0 ஆக்குங்கள். அதே இடத்தில், சர்வர் தன்னை நம்பகமான நேர மூலமாக அறிவிக்கச் சொல்லும் அனௌன்ஸ் ஃபிளாக்ஸ் 5 ஆக இருக்கட்டும். பிறகு விண்டோஸ் டைம் சேவையை நிறுத்தித் தொடங்குங்கள். நட்சத்திரம் உடனே வராது, சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

தன் நேரத்தில் ஐயமே இல்லை என்று சர்வரைச் சொல்லவைப்பது பொய்யான உறுதிமொழி அல்லவா, ஜிபிஎஸ் கருவி வைப்பதுதானே முறை என்று கீழே யாரேனும் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். முறை அதுதான், மறுக்கவில்லை. ஆனால் சேகோ ஆலைக்குத் தேவை, அங்குள்ள கணினிகள் தமக்குள் ஒரே நேரத்தைக் காட்டுவது. அது தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணும் இந்தியத் திட்ட நேரத்தோடு மில்லி விநாடி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும் என்பது அன்று. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகும் கடிகாரம் நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு ஐம்பது விநாடிக்குச் சற்று மேல் விலகும். மாதம் ஒருமுறை, லோடு வராத வேளையில், கைப்பேசியைப் பார்த்துச் சர்வரில் மட்டும் திருத்தினால் போதும். சர்வர் மெய்நிகர் கணினியாக இருந்தால், ஹோஸ்ட் இயந்திரம் தன் நேரத்தை அதன்மேல் திணிக்கும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள்.

ஜிபிஎஸ் வாங்க வசதி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கருவிக்குச் சிக்னல் கிடைக்காததற்கு மூடுபனியைக் காரணம் காட்டினார்கள். அந்த அலைவரிசைக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. ஆன்டெனாவைத் தகரக் கூரைக்கு உள்ளே, அதுவும் சில்வர் ஓக் மரங்களின் அடியில் வைத்திருந்தார்கள். திறந்த வானம் தெரியும் இடத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

வித்தியாசம் மிகச்சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால், அது ஒத்திசைவுக் கோளாறே அல்ல. ஒரே கணினியில் இரண்டும் இருந்தால், பயாஸ் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுத, லினக்ஸ் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று படிக்கிறது, அவ்வளவுதான்.

அரவை இல்லாத மாதங்களில் எல்லாவற்றையும் அணைத்துவைக்கும் ஆலை உங்களுடையது என்றால், சர்வரின் சிஆர்2032 பேட்டரியை மாற்றாமல் தொடங்காதீர்கள். அது செத்திருந்தால் சர்வர் ஏதோ பழைய ஆண்டில் கண் விழிக்கும். 1000 விநாடிக்கு மேல் வித்தியாசம் கண்டால் லினக்ஸின் என்டிபி சேவை தானே நின்றுவிடும். பெரிய தாவலை அனுமதிக்கும் ஜி என்ற தெரிவோடு தொடங்கியிருந்தால், தயங்காமல் அந்தப் பழைய ஆண்டுக்கே போய்விடும். எனவே முதலில் சர்வரின் தேதியைக் கையால் சரிபார்த்து, அதன் பிறகே மற்ற கணினிகளுக்கு மின்சாரம் கொடுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டு விலைகூட இல்லாத அந்தப் பேட்டரிக்கு ஆலைகளில் கொட்டேஷன் கேட்பார்கள். உங்கள் பணத்தில் வாங்கிப் போட்டுவிட்டுப் பில்லில் சேர்த்துக்கொள்ளுங்கள்.